லண்டனில் 74 வயது அம்மாவுக்கு ப்ளூ பேட்ஜ் (நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு உள்ளூர் நிர்வாகமான கவுன்சில் கொடுக்கும் கார் பார்க்கிங் சலுகை அட்டை) மறுத்துவிட்டார்கள். டாக்டர் கடிதத்தோடு திரும்பவும் விண்ணப்பித்தால் கிடைக்குமா?

டாக்டர் கடிதத்தை மட்டும் நம்பி அனுப்பினால் திரும்பவும் அதே பதில்தான் வரும். ஜிபியிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், காசு கட்டிக் கடிதம் வாங்க முன்னர் இதை வாசித்துவிடுங்கள்.

"அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் கிடைக்கிறது, பிறகு ஏன் பேட்ஜ் இல்லை" என்று கேட்டிருந்தீர்கள். நம்மவர்களில் பாதிப்பேர் குழம்புவது இங்கேதான். பிப் (PIP) என்ற உடற்குறைபாட்டுக் கொடுப்பனவு எடுப்பவர்களுக்கு, அதில் நடப்பது பற்றிய கேள்விக்கு 8 புள்ளியோ அதற்கு மேலோ இருந்தால், அதாவது 50 மீட்டருக்கு மேல் நடக்க முடியாதவர் என்று ஏற்றுக்கொண்டிருந்தால், இங்கிலாந்தில் பேட்ஜ் மேலதிகக் கேள்வி இல்லாமல் கிடைக்கும். ஆனால் ஓய்வூதிய வயது தாண்டியவர் பிப்புக்குப் புதிதாக விண்ணப்பிக்க முடியாது. அவர்களுக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்தான். குளிக்க, உடுக்க, சாப்பிட ஆள் துணை வேண்டுமா என்றுதான் அதில் பார்ப்பார்கள். எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்பதற்கு அதில் புள்ளியே இல்லை. அதனால் அந்த அலவன்ஸ் கடிதத்தை எத்தனை பிரதி எடுத்து வைத்தாலும் பேட்ஜ் தானாக வராது. கவுன்சில் தனியாக மதிப்பிட்டுத்தான் கொடுக்கும். வயதானவர்களுக்கு இது அநியாயம் என்பதுதான் என் கருத்து. ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது.

ஜிபி கடிதம் ஏன் பெரிதாக எடுபடாது என்றால், 2012 இல் விதிகளை மாற்றியபோது, குடும்ப மருத்துவர் சொல்வதை வைத்து முடிவெடுப்பதைக் குறைத்து, ஆளைத் தெரியாத ஒரு மதிப்பீட்டாளரிடம் விடும் முறையைக் கொண்டுவந்தார்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஆஸ்பத்திரிக் கடிதங்கள், ஸ்கான் முடிவு, மருந்துப் பட்டியல் எல்லாம் வையுங்கள், உதவும். புதிதாகக் காசு கொடுத்து "இவருக்கு பேட்ஜ் கொடுக்கவும்" என்று எழுதி வாங்கத் தேவையில்லை.

இனி எங்கள் வீட்டுக் கதை. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, நாரியிலும் பிரச்சினை. முதல் விண்ணப்பத்தை என் தம்பிதான் "நான் பாக்கிறன் அக்கா, நீங்கள் பேசாமல் இருங்கோ" என்று பொறுப்பெடுத்தான். பொறுப்பெடுத்து என்ன செய்தான் தெரியுமா? கடைக்கு மேல்மாடியில் இருந்து ஃபோர்ம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவரிடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அறுபது பவுண் கொடுத்துவிட்டு வந்தான். இங்கிலாந்தில் பேட்ஜுக்குக் கவுன்சில் எடுக்கக்கூடியதே அதிகபட்சம் 10 பவுண்தான். அரசாங்கத்தின் இணையத்தளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். சரி, காசு போகட்டும். அந்த மனிதர் எழுதியதை நான் பிறகு வாசித்தேன். சீனி வருத்தம், பிறஷர், கொலஸ்ட்ரோல், கண்ணில் கற்றரக்ட், மூட்டுவாதம் என்று கலியாண வீட்டுச் சாப்பாட்டு லிஸ்ட் மாதிரி வரிசையாக இருந்தது. ஒன்றும் பொய் இல்லை. ஆனால் அம்மா எப்படி நடக்கிறார் என்று ஒரு வரி கிடையாது. நிராகரித்துவிட்டார்கள். "வெள்ளைக்காரன் எங்கட ஆக்களுக்குத் தரமாட்டான்" என்று தம்பி குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதினான். அதற்குக் கனடாவிலிருந்து பெரியப்பா வீட்டார் கைதட்டினார்கள்.

கவுன்சிலுக்கு வருத்தத்தின் பெயர் பெரிய விஷயம் இல்லை. நடக்கவே முடியாதா, அல்லது நடப்பதில் மிகக் கடுமையான சிரமம் இருக்கிறதா, அது குறைந்தது 3 வருடமாவது நீடிக்குமா, இதுதான் அவர்களுக்கு வேண்டும். 80 மீட்டருக்கு மேல் பெரிய வலியோ மூச்சிரைப்போ இல்லாமல் நடப்பவருக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. 2019 ஆகஸ்ட் இறுதியிலிருந்து வெளியே தெரியாத குறைபாடுகளையும் சேர்த்திருக்கிறார்கள். டிமென்ஷியா, கடுமையான பதற்றம், ஓட்டிசம் போன்றவற்றால் வெளியே நடப்பது ஆபத்து அல்லது பெரும் மன உளைச்சல் என்றால் அதையும் எழுதலாம். உங்கள் அம்மாவுக்கு மறதி இருக்கிறது என்று கேள்வியில் போகிறபோக்கில் ஒரு சொல் போட்டிருந்தீர்கள். ரோட்டில் திடீரென்று இறங்கிவிடுகிறாரா, வழி தெரியாமல் நிற்கிறாரா? அதை விடாதீர்கள்.

இரண்டாம் தடவை நான் இருந்து எழுதினேன். அதற்கு முன்பு அம்மாவோடு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தேன், கையில் போனில் நேரம் ஓடவிட்டு. மூன்றாம் வீட்டு மதிலில் கை ஊன்றி நிற்கிறார். அதற்கு அடுத்து லாம்ப் போஸ்ட். அதற்கு அப்பால் போக மாட்டேன் என்றார், திரும்பிவிட்டோம். எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம், எங்கே நின்றார், வீட்டுக்கு வந்து எவ்வளவு நேரம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தார், இரவு என்ன மாத்திரை போட்டார், அப்படியே எழுதினேன். என்ன துணைக்கருவி பாவிக்கிறீர்கள், யார் கொடுத்தது என்றும் கேட்பார்கள். பிசியோ கொடுத்த வோக்கர் எங்கள் வீட்டில் குளியலறையில் துவாய் காயப் போடுவதற்கு நின்றது. "சனம் பாத்தா என்ன நினைக்கும்" என்பது அம்மாவின் காரணம். அதையும் எழுதினேன்.

அப்புறம் நேரில் மதிப்பீட்டுக்குக் கூப்பிட்டார்கள். முக்கியமான இடம் இது. அம்மா ஏதோ பெண் பார்க்க வருகிற மாதிரி சீலை உடுத்தி, பொட்டு வைத்து வெளிக்கிட்டார். பிசியோதெரபிஸ்ட் பெயரைக் கூப்பிட்டதும் நிமிர்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். வீட்டில் சமையலறைக்குப் போகவே சுவரைப் பிடிக்கிற மனிதர்! "வெளியே எங்கே போவீர்கள்" என்று கேட்டதற்கு, "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலுக்குப் போவன், மூண்டு தரம் சுத்துவன்" என்றார். அந்தப் பெண் எழுதத் தொடங்கினார்.

நான் அம்மாவிடம், "நல்லூரைச் சுத்தின கதை வேண்டாம் அம்மா, போன கிழமை காரால இறங்கி எப்பிடி உள்ள போனீங்கள் எண்டு சொல்லுங்கோ" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "செருப்புக் கழட்டுற இடத்தில கதிரை கேட்டு இருந்தனான் பிள்ளை, சுத்தேல்ல" என்றார். அதை மொழிபெயர்த்தேன். பிறகு அந்தப் பெண் வெளி நடைபாதைக்குக் கூட்டிக்கொண்டு போய், அவசரப்படாமல் வழமைபோல நடக்கச் சொன்னார். பாதியில் அம்மா நின்றுவிட்டார். பேட்ஜ் வந்தது.

பொய் சொல்லப் பழக்குகிறேன் என்று கீழே யாராவது வருவீர்கள். இல்லை. நம் அம்மாமார் பெருமைக்காகச் சொல்லும் பொய்யைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். நல்ல நாளை மட்டும் சொல்லாமல், பெரும்பாலான நாட்கள் எப்படி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான் வக்கீலும் இல்லை, கவுன்சிலில் வேலை செய்பவளும் இல்லை. கவுன்சிலுக்குக் கவுன்சில் நடைமுறை கொஞ்சம் மாறும்.

பேட்ஜ் வந்த கையோடு தம்பியின் முதல் கேள்வி: "சனிக்கிழமை சென்ட்ரல் லண்டன் போறன், தந்து விடுறீங்களா?" அம்மா காரில் இல்லாமல்! பேட்ஜ் காருக்குரியது இல்லை, ஆளுக்குரியது. டாக்சியில் போனாலும் அம்மா போனால் வைக்கலாம், அம்மா வீட்டில் நாடகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது வைத்தால் 1000 பவுண் வரை தண்டம். ஃபோர்ம் நிரப்ப நேரமில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக லீவு கிடைக்காது, பார்க்கிங்குக்கு மட்டும் அம்மா வேண்டும். அம்மாவோ "அவன் பாவம், வேலையில களைப்பு" என்கிறார். நான் மட்டும் வேலைக்குப் போகாமல் கதிரையில் இருக்கிறேனாக்கும். விடுங்கள், இது உங்கள் கேள்வியில் இல்லை.

சென்ட்ரல் லண்டன் என்றதும் ஒன்று. சிட்டி ஒஃப் லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர், கென்சிங்டன் அண்ட் செல்சி, கேம்டனின் தென்பகுதி, இந்த நாலு இடத்திலும் தனி விதிகள். மற்ற இடங்களில் மஞ்சள் கோட்டில், லோடிங் தடை இல்லாவிட்டால், வந்த நேரத்தைக் காட்டும் பேட்ஜ் மணிக்கூட்டை வைத்து 3 மணி நேரம் நிற்கலாம் என்பது அங்கே அப்படியே செல்லாது. சூப்பர் மார்க்கெட், ஆஸ்பத்திரி கார் பார்க் போன்றவற்றில் அவரவர் போர்டைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு: மறுத்த காரணத்தைக் கவுன்சில் எழுத்தில் தந்திருக்க வேண்டும். அதை வைத்து மீள்பரிசீலனை கேளுங்கள், அல்லது நடையைப் பற்றிச் சரியாக எழுதிப் புதிதாக விண்ணப்பியுங்கள். முடிவு வர 12 வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். கிடைத்தால் பெரும்பாலும் 3 வருடத்துக்கு, தானாகப் புதுப்பிக்க மாட்டார்கள். கடிதத்தில் என்ன காரணம் போட்டிருக்கிறார்கள் என்று பெயர், விலாசத்தை எடுத்துவிட்டுக் கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.