நூலகர் சங்கத்தில் சேர்வதால் உண்மையில் என்ன பயன்? கட்டும் சந்தாவுக்குத் தகுமா?

தகும், உங்கள் வேலைக்கு நெருக்கமான பிரிவில் சேர்ந்து இயங்கினால். உறுப்பினர் அட்டை மட்டும் எதையும் தந்துவிடாது. பெரிய சங்கங்களுக்குள் பட்டியலாக்கம், பள்ளி நூலகம், மருத்துவ நூலகம் எனத் தனித்தனிப் பிரிவுகள் இருக்கும். விஷயமே அங்கேதான்.

ஒரு பருவ இதழின் பெயர் மாறுகிறது என்று வையுங்கள். நூலகப் பட்டியலில் இருக்கும் பழைய பதிவைத் திருத்துவதா, புதிதாகப் போடுவதா? தலைப்பின் முதல் ஐந்து சொற்களுக்குள் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ பொதுவாக அது பெரிய மாற்றம். புதிய பதிவும் புதிய ஐஎஸ்எஸ்என்னும் (தொடர் வெளியீடுகளுக்கான சர்வதேச அடையாள எண்) வேண்டும். எழுத்துக்கூட்டல் மட்டும் மாறினால் வேண்டாம். சுருக்கமாக விதி இதுதான், கைக்கு வரும் இதழோ பல நேரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். தப்பாகப் பிரித்துவிட்டால் பாதித் தொகுதிகள் வாசகர் கண்ணில் படாமலே போகும். ஒற்றை ஆளாக நூலகம் நடத்துபவர் இதை யாரிடம் கேட்பார்? பிரிவின் மின்னஞ்சல் குழுவில் போட்டால், இதே சிக்கலைப் பார்த்தவர் யாராவது பதில் தருவார்.

புத்தகத்தை அடுக்கிலிருந்து எடுக்கச் சொல்லி நெருக்கடி வரும்போதும் சங்கம் வேண்டும். அமெரிக்க நூலகச் சங்கம் 1939-லேயே நூலக உரிமைகள் சாசனத்தை ஏற்றது. 1927-ல் தொடங்கிய நூலகச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான இஃப்லா, 2012-ல் நூலகர்களுக்கான நெறிமுறையை ஏற்றது. இவற்றை யாரும் படிக்கலாம். ஆனால் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதவும் கூட நிற்கவும் ஆள் வேண்டுமே, அதற்குச் சங்கம்தான்.

பணம் கட்டுமுன் சிலவற்றைக் கேளுங்கள். நிறுவன உறுப்பினரா, தனி உறுப்பினரா? நிறுவனத்தின் பெயரில் இருந்தால் வேலை மாறும்போது அது உங்களோடு வராது. சந்தா ஆண்டு எந்த மாதம் தொடங்குகிறது? சில இடங்களில் ஆண்டு இறுதியில் சேர்ந்தாலும் முழுத்தொகை கட்ட நேரும். மாணவர், ஓய்வுபெற்றவர், குறைந்த சம்பளக்காரர் ஆகியோருக்குச் சலுகை இருக்கிறதா? மாநாட்டுக் கட்டணத்தில் உறுப்பினருக்குக் கிடைக்கும் தள்ளுபடியைச் சந்தாவோடு ஒப்பிடுங்கள். ஒரே மாநாட்டில் ஈடாகிவிடுவதும் உண்டு.

பலர் மூன்று சங்கங்களில் சேர்ந்துவிட்டு ஒரு மடலையும் திறப்பதில்லை. ஒன்றில் மட்டும் சேருங்கள். பணிக்குழுவுக்கு ஆள் கேட்கும்போது "எதுவானாலும் செய்கிறேன்" என்று எழுதாமல், எந்த வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று குறிப்பிடுங்கள். புதியவருக்குக் கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பு நல்லது. முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன, யார் எதில் தேர்ந்தவர் என்பதெல்லாம் சில கூட்டங்களிலேயே பிடிபடும். சந்தாவைப் புதுப்பிக்கும் நேரத்தில், அந்த ஆண்டு உங்கள் நூலகத்தில் சங்கத்தால் மாறிய வேலை ஒன்றையாவது சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் முதலில் பிரிவை மாற்றுங்கள், பிறகு சங்கத்தை.