மேடை, அரங்கு, போடியம்: எதற்கு எந்தச் சொல்? கேள்வி பதில்

கேள்வி: போடியம், டயஸ், லெக்டர்ன், ரோஸ்ட்ரம் நான்கையும் ‘மேடை’ என்றே மொழிபெயர்த்து வருகிறேன். சரிதானா?

பதில்: மூன்றுக்குப் பொருந்தும், லெக்டர்னுக்குப் பொருந்தாது. பேசுபவர் அதன் மேல் ஏறி நிற்கிறாரா, அதன் பின்னால் நிற்கிறாரா என்பதை முதலில் பாருங்கள். போடியம் என்பதன் வேர் ‘கால்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல். காலடியில் இருப்பதுதான் போடியம். லெக்டர்ன் ‘வாசித்தல்’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. தாளை வைத்து வாசிக்கும் சரிவான மேசை அது.

டயஸ் சுற்றி வளைத்து வந்த சொல். லத்தீனில் வட்டத் தட்டைக் குறித்த ‘டிஸ்கஸ்’, பழைய பிரெஞ்சில் மேசையானது. பிறகு விருந்துக் கூடத்தில் பெரியவர்கள் அமரும் மேசையையும், கடைசியில் அந்த மேசை நின்ற உயர்ந்த தளத்தையும் குறித்தது. பலர் வரிசையாக உட்காரும் தாழ்ந்த மேடைக்கு இன்றும் டயஸ் பொருந்துவது இதனால்தான். இசைக்குழுவை நடத்துபவர் தனியாக நிற்கும் சிறு தளம் போடியம்.

ரோஸ்ட்ரம் என்றால் பறவையின் அலகு. போர்க்கப்பலின் முகப்பில் எதிரிக் கப்பலை முட்டுவதற்காக நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கும் அதே பெயர். ஆன்டியம் நகரத்தாரை கி.மு. 338இல் வென்ற ரோமானியர், கைப்பற்றிய கப்பல்களின் அலகுகளைத் தங்கள் பொதுத்திடலில் இருந்த பேச்சு மேடையில் பதித்தார்கள். மேடைக்கே ‘ரோஸ்ட்ரா’ என்ற பெயர் வந்துவிட்டது. நாடகக் குறிப்புகளில் இந்தச் சொல் வந்தால் கவனம் தேவை. அங்கே அது மடக்குச் சட்டத்தின் மேல் பலகை போட்டு அமைக்கும், இடம் மாற்றக்கூடிய சிறு தளம்.

கேள்வி: எல்லோரும் மைக் வைத்த மேசையைத்தானே போடியம் என்கிறார்கள்?

பதில்: ஆம், ஆங்கிலம் பேசுபவர்களிலும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். பேச்சில் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் நிகழ்ச்சிக்கான பொருள்களை வரவழைக்கும்போது ‘போடியம் ஒன்று’ என்று மட்டும் எழுதினால் ஏறி நிற்கும் பலகைத்தளம் வந்து இறங்கக்கூடும். ‘நின்று பேசும் சரிவு மேசை, மைக் பொருத்தும் வசதியுடன்’ என்று எழுதுங்கள். தளமும் வேண்டுமென்றால் அதன் நீள, அகல, உயரத்தைத் தனி வரியில் கொடுங்கள்.

கேள்வி: அந்தச் சரிவு மேசை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

பதில்: பேசுபவர் பக்கத்து விளிம்பு தரையிலிருந்து 105 முதல் 115 செ.மீ. இருந்தால் பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும். சரிவு 15 முதல் 20 பாகை. அதற்கு மேல் போனால் தாள் நழுவும். எந்தச் சரிவானாலும் கீழ் விளிம்பில் 2 செ.மீ. தடுப்புப் பட்டை அவசியம். உயரம் குறைந்தவர் பேச வந்தால் மேசையை மாற்றாதீர்கள், 15 செ.மீ. உயரப் படிப்பலகை ஒன்றைப் பின்னால் வையுங்கள். அந்தப் பலகை உள்ளீடற்ற பெட்டியாக இருந்தால் ஒவ்வொரு காலசைவும் மைக்கில் ‘தொம் தொம்’ என்று கேட்கும். அடியிலும் மேலும் ரப்பர் விரிப்பு போட்டால் பெரும்பாலும் அடங்கும்.

கேள்வி: மேடைக்கும் அரங்குக்கும் என்ன வேறுபாடு? இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள்.

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. மேடை, மேடு என்ற சொல்லின் உறவு. உயரம் இல்லையென்றால் மேடை இல்லை. அரங்குக்கு உயரம் கட்டாயமில்லை, எல்லைதான் முக்கியம். திருக்குறளின் 401ஆவது குறள், நிறைந்த நூலறிவு இல்லாமல் அவையில் பேசப் புகுவதை, அரங்கு இழைக்காமல் வட்டாடுவதற்கு (காய் உருட்டி விளையாடுவதற்கு) ஒப்பிடுகிறது. அங்கே அரங்கு என்பது அந்த விளையாட்டுக்காகத் தரையில் வகுத்த கட்டம். ஆற்றிடைத் தீவையும் அரங்கம் என்பார்கள். அதுவும் நீரால் எல்லை கட்டப்பட்ட இடமே.

ஆகவே ஆடுபவர் நிற்கும் உயர்ந்த தளத்தை மட்டும் சொல்லும்போது மேடை என்றும், பார்வையாளர் இருக்கைகள் உட்பட முழு இடத்தையும் சொல்லும்போது அரங்கம் என்றும் எழுதுவது தெளிவு. ‘அரங்கம் நிறைந்தது’ என்றால் கூட்டம் நிறைந்தது. ‘மேடை நிறைந்தது’ என்றால் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் அதிகம். ‘அவை’ என்ற சொல் குறிப்பது இடத்தையல்ல, கூடியிருக்கும் மக்களை. களரியும் களமும் திறந்த நிலத்தில் நடக்கும் கூத்துக்கு உரியவை. அங்கே மேடை என்று எழுதினால் படிப்பவர் இல்லாத பலகையைக் கற்பனை செய்வார்.

கேள்வி: சிலப்பதிகாரத்து அரங்கு உயரமானதாமே?

பதில்: ஆம், அளவோடு சொல்லப்பட்டிருக்கிறது. அகலம் 7 கோல், நீளம் 8 கோல், தளத்தின் உயரம் 1 கோல். தளப் பலகைக்கும் மேலே தூண்களின் மீதுள்ள உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல். ஒரு கோல் 24 விரல். பெருவிரலின் அகலத்தை ஏறத்தாழ ஓர் அங்குலமாகக் கொண்டால் கோல் 2 அடி. அதாவது 14க்கு 16 அடித் தளம், 2 அடி உயரம், மேலே 8 அடி இடைவெளி. ஒருவர் ஆட இது தாராளம். இரண்டு வாயில்களும் மூன்று வகைத் திரைகளும் உண்டு. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைத்ததும் சொல்லப்படுகிறது. இன்றைய ஒளியமைப்பாளரும் முதலில் கவனிப்பது அதைத்தான்.

கேள்வி: இன்று நடன மேடைக்கு என்ன உயரம் வைக்கலாம்?

பதில்: நாற்காலியில் அமர்ந்தவரின் கண் தரையிலிருந்து 110 முதல் 120 செ.மீ. உயரத்தில் இருக்கும். மேடைத்தளம் அதைத் தாண்டினால் முன்வரிசைக்கு ஆடுபவரின் பாதம் மறைந்துபோகும். மிகத் தாழ்ந்தால் பின்வரிசைக்கு முன்னிருப்பவர் தலைதான் தெரியும். சமதளக் கூடத்தில் 75 முதல் 90 செ.மீ. நல்லது. 90 செ.மீ. மேடைக்கு 15 செ.மீ. வீதம் ஆறு ஏற்றங்கள். கடைசி ஏற்றம் மேடைக்கே போவதால் ஐந்து படிகள் செய்தால் போதும். ஏற்றங்கள் ஒரே அளவில் இல்லையென்றால் இருட்டில் கட்டாயம் யாராவது தடுக்குவார்கள்.

கேள்வி: ‘ஸ்டேஜ் லெஃப்ட்’ யாருடைய இடப்பக்கம்? ‘அப்ஸ்டேஜ்’ என்றால் மேலேயா?

பதில்: பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் இடப்பக்கம். குறிப்பில் ‘நடிகர் இடம்’, ‘நடிகர் வலம்’ என்று எழுதிவிட்டால் குழப்பம் வராது. அப்ஸ்டேஜ் என்பது மேடையின் பின்பகுதி. முன்பு மேடைத்தளத்தைப் பின்பக்கம் உயர்த்திச் சரிவாகக் கட்டியதால் பின்னால் போவது மேலே ஏறுவதாக இருந்தது. சமதள மேடையிலும் பெயர் நிலைத்துவிட்டது. தமிழில் ‘பின்மேடை’, ‘முன்மேடை’ போதும்.

கேள்வி: வழிபாட்டிடங்களில்?

பதில்: தேவாலயத்தில் பிரசங்க பீடம், பள்ளிவாசலில் மிம்பர். மிம்பர் படிகளுடன் கூடியது, வெள்ளிக்கிழமை குத்பா என்னும் சமயப் பேருரை அதில் நின்றுதான் நிகழ்த்தப்படும். இரண்டையும் வெறும் மேடை என்று எழுதாதீர்கள், அவரவர் சொல் இருக்கிறது.

கேள்வி: கட்டடக்கலைக் கட்டுரையில் போடியம் வந்தால்?

பதில்: பேச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கட்டடம் அமரும் உயர்ந்த அடித்தளம் அது. கோயில் பற்றியது என்றால் ‘அதிட்டானம்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அடுக்குமாடி பற்றியது என்றால், உயர்ந்து நிற்கும் மாடிப்பகுதியின் கீழே அகன்று நிற்கும் சில தளங்களைக் குறிக்கும், ‘அடித்தளத் தொகுதி’ என்று விரித்து எழுதுங்கள்.