8 எம்பிபிஎஸ் வேகம் என்றார்கள், ஒன்றுகூட வரவில்லை: செயற்கைக்கோள் லிங்க்கை எப்படிச் சோதிப்பது?

கேள்வி: ஜெர்மனியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கென்யாவின் மலைப்பகுதியில் எங்கள் கூட்டாளிப் பல்கலைக்கழகம் ஒரு வானிலை ஆய்வு நிலையம் நடத்துகிறது. அங்கே ஃபைபர் கிடையாது. புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக, இரு திசையிலும் 8 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 8 மெகாபிட்) என்று சொல்லி விசாட் (சிறிய டிஷ் வைத்த செயற்கைக்கோள்) இணைப்பு கொடுத்திருக்கிறார்கள். தினமும் 40 ஜிபி தரவு எங்கள் சர்வருக்கு வந்தாக வேண்டும். விபிஎன் (தரவை மறையாக்கி அனுப்பும் தனிப்பாதை) வழியாக அனுப்பினால் வேகம் 0.9 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுவதில்லை. பிங், அதாவது ஒரு சிறு செய்தி போய்ப் பதில் வரும் நேரம், 600 மில்லிவிநாடி. இணைப்புக் கொடுத்த நிறுவனமோ "எங்கள் சோதனையில் 8 வருகிறதே" என்கிறது. இணைப்பைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும் ஏற்புச் சோதனைக்கு இரண்டு வாரம் இருக்கிறது. எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: நிறுவனம் பொய் சொல்கிறது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். அவர்கள் சொல்லும் 8, நீங்கள் சொல்லும் 0.9 இரண்டுமே உண்மையாக இருக்கலாம். இரண்டு பேரும் வேறுவேறு பொருளை அளக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பிங்கிலிருந்து ஆரம்பிப்போம். புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. பிங் போய்ப் பதில் வருவதற்குள் சிக்னல் அந்தத் தூரத்தை நான்கு முறை கடக்க வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் 477 மில்லிவிநாடிக்குக் குறையாது. ஜெர்மனி செயற்கைக்கோளுக்கு நேர் கீழே இல்லை. மோடம் எடுத்துக்கொள்ளும் நேரமும் சேரும். ஆகவே 600 நியாயமான எண். 1,100, 1,200 என்று காட்டியிருந்தால், தரவு இரண்டு தடவை செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்குகிறதோ என்று சந்தேகப்பட்டிருப்பேன். அமெரிக்காவின் ஸ்லாக் இயற்பியல் ஆய்வகம் 1990களின் நடுவில் தொடங்கிய பிங்கர் திட்டம், எந்தெந்த நாட்டு ஆய்வகங்கள் செயற்கைக்கோளை நம்பியிருக்கின்றன என்பதை வெறும் பிங்கை வைத்தே கண்டுகொண்டது. 2009இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கடலடிக் கேபிள் வந்தபோது பிங் இறங்கியதும் அதில் பதிவானது.

அந்த 0.9தான் எனக்குச் சுவாரசியமான எண். தரவு தொலையாமல் போய்ச்சேருவதைப் பார்த்துக்கொள்ளும் இணைய விதிமுறைதான் டிசிபி. அதில் அனுப்புபவர், பெறுபவரின் ஒப்புகை ("வந்து சேர்ந்தது" என்ற பதில்) வராமல் ஓர் அளவுக்கு மேல் தரவை அனுப்ப முடியாது. அந்த அளவுக்கு விண்டோ என்று பெயர். பழைய டிசிபியில் அதன் உச்சம் 65,535 பைட். ஒப்புகை திரும்பி வர 0.6 விநாடி ஆகும் லிங்க்கில், ஒவ்வொரு 0.6 விநாடிக்கும் 65,535 பைட்தான் போகும். கணக்குப் போட்டால் 0.87 எம்பிபிஎஸ். டிஷ்ஷையும் மோடத்தையும் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது; நீங்கள் 80 எம்பிபிஎஸ் வாங்கினாலும் அதே 0.87தான். 8 எம்பிபிஎஸ்ஸை முழுக்க நிரப்ப விண்டோ சுமார் 6 லட்சம் பைட் இருக்க வேண்டும்.

விண்டோவைப் பெரிதாக்கும் வழி 1992லேயே வந்துவிட்டது, இன்றைய லினக்ஸ் அதைத் தானாகவே செய்யும். ஆனால் இரு முனைகளும் இணைப்பைத் தொடங்கும் முதல் பாக்கெட்டிலேயே (தரவுத் துண்டிலேயே) அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஏதாவது ஃபயர்வால் அந்தக் குறிப்பை வெட்டிவிட்டால், அல்லது நிலையத்தின் தரவுப் பதிவுக்கருவி பழைய மென்பொருளில் ஓடினால், பழையபடி 65,535தான். அதனால் இரு முனையிலும் பாக்கெட்டுகளைப் பதிவுசெய்யும் டிசிபிடம்ப் கருவியை ஓட்டி, இணைப்பைத் தொடங்கும் அந்த முதல் பாக்கெட்டை (சின் பாக்கெட்) பிடியுங்கள். அந்த வரியில், விண்டோவைப் பெரிதாக்கச் சொல்லும் டபிள்யூஸ்கேல் என்ற சொல்லும் பக்கத்தில் 7 போல ஓர் எண்ணும் இருக்க வேண்டும். கென்யாவில் கிளம்பும்போது இருந்து, ஜெர்மனிக்கு வந்து சேரும்போது இல்லையென்றால், நடுவில் யாரோ வெட்டுகிறார்கள் என்று அர்த்தம். என் பந்தயம் இதன் மேல்தான்.

சரி, நிறுவனத்துக்கு எப்படி 8 வருகிறது? பெரும்பாலான விசாட் மோடங்களில் டிசிபி முடுக்கி ஒன்று உள்ளேயே இருக்கும். ஒப்புகை நிஜமாகத் திரும்பி வரும்வரை காத்திராமல், பக்கத்திலிருக்கும் மோடமே "வந்துவிட்டது" என்று பதில் சொல்லிவிடும். அனுப்பும் கணினியும் தாமதமில்லை என்று நம்பி வேகமாக அனுப்பும். இதற்கு ஒவ்வொரு பாக்கெட்டின் முன்பகுதியில் இருக்கும் டிசிபி விவரத்தை, அதாவது டிசிபி தலைப்பை, மோடம் படிக்க முடிய வேண்டும். ஐபிசெக் வகை விபிஎன் அதை மறையாக்கத்துக்குள் மூடிவிடுவதால் முடுக்கி சும்மா நிற்கும். நிறுவனம் விபிஎன் இல்லாமல் தன் தரைநிலையம் வரை சோதித்திருக்கும். உங்கள் தரவோ விபிஎன்னுக்குள், அதையும் தாண்டி உங்கள் சர்வர் வரை போகிறது.

ஆகவே ஏற்புச் சோதனையை உங்கள் கணினியிலிருந்து உங்கள் சர்வர் வரை, விபிஎன் போட்டு ஒரு முறை, போடாமல் ஒரு முறை நடத்துங்கள். வேகத்தை அளக்கும் கருவியாக ஐபெர்ஃப் 3 போதும். முதலில் யுடிபி (ஒப்புகைக்குக் காத்திராமல் அனுப்பும் முறை), ஏனென்றால் அதில் விண்டோ கிடையாது. லிங்க்கின் உண்மையான கொள்ளளவு தெரியும். இதில் ஒரு பொறி: வேகத்தைக் குறிப்பிடாமல் ஓட்டினால் ஐபெர்ஃப் 3 யுடிபியில் 1 எம்பிபிஎஸ் மட்டுமே அனுப்பும். அதைப் பார்த்து "லிங்க்கே ஒரு எம்பிபிஎஸ்தான்" என்று நிறுவனத்துடன் சண்டைக்குப் போகாதீர்கள். 4, 6, 7, 8 என்று ஏற்றிக்கொண்டே போய், எங்கே பாக்கெட்டுகள் விழத் தொடங்குகின்றன என்று பாருங்கள். நிலையத்திலிருந்து ஜெர்மனிக்கு வரும் திசைதான் உங்களுக்கு முக்கியம். விசாட்டில் பலவீனமானதும் பெரும்பாலும் அதே திசைதான்.

அப்புறம் டிசிபி, ஒரு ஓட்டமாகவும் (ஒரே இணைப்பாக), ஒரே நேரத்தில் எட்டு இணை ஓட்டங்களாகவும். ஒன்றில் 0.87, எட்டில் 7 வந்தால் விண்டோதான் குற்றவாளி. எட்டிலும் 2 தாண்டவில்லை என்றால் பாக்கெட் இழப்பையோ நெரிசலையோ தேட வேண்டும். இந்தத் தாமதத்தில் பத்தாயிரத்தில் ஒரு பாக்கெட் தொலைந்தாலே, பழைய பாணி டிசிபியின் ஒற்றை ஓட்டம் சுமார் 2.4 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும். அங்கே பிபிஆர் என்ற நெரிசல் முறைக்கு மாறிப் பாருங்கள். ஒவ்வொரு இழப்புக்கும் அது பயந்து வேகத்தைக் குறைக்காது. ஒவ்வொரு சோதனையும் ஒரு நிமிடமாவது இருக்கட்டும். பத்து விநாடிச் சோதனையில் முதல் சில விநாடிகள் டிசிபி வேகம் பிடிப்பதிலேயே போய்விடும்.

இதை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரண்டு வாரமும் தானாக ஓடவிடுங்கள். அதற்கு மேல் வேண்டாம், சோதனையே உங்கள் லிங்க்கைத் தின்றுவிடும். லிங்க்கைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுத்திருந்தால் பகலில் ஒரு எண், இரவில் ஒரு எண் வரும். மழையும் இருக்கிறது. செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் கேயூ, கேஏ அலைவரிசைகளில் கனமழைக்கு மோடம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கென்யாவில் நீண்ட மழைக்காலம் மார்ச்சிலிருந்து மே வரை, குறுகியது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. உங்கள் இரண்டு வாரம் ஜூலையில் விழுந்தால் எண்கள் அழகாகத்தான் வரும். மழையில் குறைந்தபட்சம் எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

விபிஎன்தான் காரணம் என்று தெரிந்தால் என்ன செய்வது? வானிலைத் தரவுக்கு ஐபிசெக் அவசியமா என்று முதலில் உங்கள் பாதுகாப்புப் பிரிவிடம் கேளுங்கள். எஸ்எஸ்ஹெச் அல்லது டிஎல்எஸ் என்ற மறையாக்க முறைகள் வழியாக அனுப்பினால் உள்ளடக்கம் மறையாக்கத்திலேயே இருக்கும், டிசிபி தலைப்பு மட்டும் வெளியே தெரியும். முடுக்கி வேலை செய்யும். அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் விண்டோவைச் சரிசெய்து, இணை ஓட்டங்களில் அனுப்புங்கள்.

8 எம்பிபிஎஸ் நாள் முழுக்க நிரம்பி ஓடினால் 86 ஜிபி போகும், 0.87இல் 9 ஜிபிதான். உங்களுக்கு வேண்டியது 40. எல்லாம் சரியானாலும் லிங்க்கில் பாதி நேரம் போய்விடும். தென்துருவத்தின் ஐஸ்கியூப் நியூட்ரினோ ஆய்வகத்தில் ஒரு நாளுக்கு ஒரு டெராபைட் அளவுக்குத் தரவு சேர்கிறது. அங்கேயே வடிகட்டி, சுமார் 100 ஜிபியை மட்டும் செயற்கைக்கோளில் அனுப்புகிறார்கள், மிச்சம் வட்டில் ஏறி ஊருக்கு வருகிறது. உங்கள் 40இலும் உடனே வேண்டியது எவ்வளவு என்று கூட்டாளிகளோடு உட்கார்ந்து பேசுங்கள். 15 ஜிபி என்று தெரிந்தால், இன்னும் சிறிய லிங்க்கே போதும்.