டிஎஃப் நிறைந்தது என்கிறது, டியூ காலி என்கிறது: வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லினக்ஸில் வட்டு நிரம்பிய புலம்பல்தான். டிஎஃப் என்பது வட்டில் எவ்வளவு மீதி என்று சொல்லும் கட்டளை. டியூ என்பது கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்வது. முன்னால் வரும் 'சூடோ', நிர்வாகி உரிமையில் ஓட்டச் சொல்வது. கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். 'பெரிய' என்று சொன்ன இடத்தில் மட்டும் பேரெழுத்து. இன்னொன்று: திரையைச் செல்போனில் கோணலாகப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். வெளியீட்டை அப்படியே எழுத்தாக ஒட்டி அனுப்புங்கள்.

500 ஜிபி வட்டு. 475 செலவாகியிருக்கிறது, மீதி 0 என்கிறது டிஎஃப். 25 ஜிபி எங்கே போயிற்று? (சிம்மக்கல்)

எங்கும் போகவில்லை. ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை வழக்கமாக 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று (நிர்வாகிக் கணக்கு) ஒதுக்கி வைக்கும். வெறும் தரவு மட்டும் இருக்கும் பார்ட்டிஷன் என்றால் 'சூடோ டியூன்2எஃப்எஸ் -எம் 1 /டெவ்/எஸ்டிபி1' கொடுத்து 1 சதவீதமாகக் குறைக்கலாம். சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனில் கை வைக்க வேண்டாம்.

கடை பில்லிங் சர்வரில் 60 ஜிபி லாக் (நடப்புப் பதிவு) கோப்பை ஆர்எம் அடித்து அழித்தோம். டியூவில் குறைந்துவிட்டது, டிஎஃப்பில் இன்னும் 100 சதவீதம். டிஎஃப் கட்டளையில் கோளாறா? ரீபூட் செய்தால் சரியாகிறது, பத்து நாளில் மறுபடியும் அதே கதை. (விளக்குத்தூண்)

கோளாறு டிஎஃப்பில் இல்லை ஐயா, ஆர்எம் அடித்த கையில். மாதம் தவறாமல் இந்தக் கேள்வி வருகிறது, நானும் மாதம் தவறாமல் எழுதுகிறேன்: அழிக்கும் முன் அந்தக் கோப்பை யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். டிஎஃப் என்பது மேனேஜர். சாவிப் பலகையைப் பார்த்து எத்தனை அறை காலி என்று சொல்லிவிடுவார். டியூ என்பது ரூம் பாய். ரிஜிஸ்டரில் உள்ள பெயர்களைப் பார்த்து ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கணக்கெடுப்பார். ஆர்எம் செய்வது ரிஜிஸ்டரில் பெயரை அடிப்பது மட்டுமே. ஆள் சாவியைத் திருப்பித் தரும்வரை அறை காலியாகாது. லாக் எழுதிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் (ஓடும் நிரல்) அந்தக் கோப்பை மூடாதவரை 60 ஜிபியும் அதன் பிடியில்தான். ரீபூட் செய்தால் எல்லாரையும் வெளியே தள்ளிப் பூட்டுகிறீர்கள், அதனால்தான் 'சரியாகிறது'.

செய்ய வேண்டியது: 'சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1' (பெரிய எல்). பெயர் அழிந்தும் திறந்தே கிடக்கும் கோப்புகளை மட்டும் இது காட்டும். அளவுப் பத்தியில் பெரிய எண் எது என்று பாருங்கள். அதன் ப்ராசஸ் எண் 1234, எஃப்டி (திறந்த கோப்பின் எண்) பத்தியில் 4டபிள்யூ என்று இருந்தால், 'சூடோ ட்ரன்கேட் -எஸ் 0 /ப்ராக்/1234/எஃப்டி/4'. கோப்பு காலியாகி இடம் உடனே திரும்பும், பில்லிங்கும் நிற்காது. சூடோ போட்டு '>' குறியால் காலி செய்யப் பார்க்காதீர்கள். அந்தக் குறியைக் கையாள்வது உங்கள் ஷெல் (கட்டளையை வாங்கும் நிரல்), சூடோ அல்ல. அனுமதி இல்லை என்று திரும்பி வரும். எண்ணை மாற்றித் தட்டி டேட்டாபேஸ் கோப்பைக் காலி செய்துவிட்டு எனக்குக் கடிதம் போடவும் வேண்டாம்.

நிரந்தர வழி லாக்ரொட்டேட், பழைய லாக்கை ஒதுக்கிவிட்டுப் புதிது தொடங்கும் கருவி. கோப்பை மாற்றியதும் சர்வீசுக்குச் சொல்லி மறுபடி திறக்க வைக்க வேண்டும். எஞ்சின்எக்ஸ் வெப் சர்வர் என்றால் யூஎஸ்ஆர்1 சிக்னல் போதும். மறுபடி திறக்கத் தெரியாத மென்பொருளுக்கு 'காப்பிட்ரன்கேட்'. அது முதலில் நகல் எடுத்துவிட்டுத்தான் காலி செய்யும். வட்டில் நகலுக்கு இடம் இல்லையென்றால் அங்கேயே படுத்துவிடும். நடுவே ஓரிரு வரிகள் தொலையவும் கூடும். 'சைஸ் 500எம்' (பெரிய எம்) என்று எழுதினால் 500 எம்பி ஆன நொடியில் மாறும் என்று நினைப்பவர்களுக்கு: லாக்ரொட்டேட் ஓடும் நேரத்தில்தான் அளவே பார்க்கப்படும், பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை.

ஒரே கோப்பை எல்எஸ் 80 ஜிபி என்கிறது, டியூ 2 ஜிபி என்கிறது. எது பொய்? (மேலூர்)

இரண்டும் மெய். ஓட்டைக் கோப்பு அது, எழுதாத பகுதிக்கு வட்டில் இடம் பிடிக்காது. எல்எஸ் நீளத்தைச் சொல்கிறது, டியூ உண்மையில் பிடித்த பிளாக்குகளைக் கூட்டுகிறது. விர்ச்சுவல் மெஷின் இமேஜ்களில் இது சகஜம். முந்தைய பதிலோடும் தொடர்பு உண்டு: ஓடும் லாக்கை ட்ரன்கேட் செய்தால், அப்பெண்ட் முறையில் (எப்போதும் கடைசியில் சேர்ப்பது) திறக்காத ப்ராசஸ் விட்ட இடத்திலிருந்தே எழுதும், முன்பகுதி முழுக்க ஓட்டை. நகலெடுக்கும்போது ஆர்சிங்க்குக்குப் பெரிய '-எஸ்' கொடுங்கள், இல்லையென்றால் 80 ஜிபியும் நிஜமாகிவிடும்.

'டியூ -எச் | சார்ட் -என்' வரிசை தப்பாக வருகிறது. (திருப்பரங்குன்றம், மாணவர்)

'சார்ட் -எச்'. மேனுவலில் இருக்கிறது, தம்பி.

சிஸ்டம் வட்டு 120 ஜிபி. டிஎஃப் 110 செலவு என்கிறது. சூடோவோடு டியூ ஓட்டினாலும் 30தான் வருகிறது. எல்எஸ்ஓஎஃப்பில் எதுவும் இல்லை. தினமும் ராத்திரி வெளி வட்டில் பேக்கப் எடுக்கிறோம். (உசிலம்பட்டி)

எல்எஸ்ஓஎஃப் பார்த்துவிட்டு எழுதியதற்கு நன்றி. கடைசி வரியில்தான் விடை. என்றோ கரண்ட் போய் வந்தபோது வெளி வட்டு மவுண்ட் ஆகாமல் (/பேக்கப் அடைவோடு இணையாமல்) சிஸ்டம் எழுந்திருக்கும். எஃப்எஸ்டேபில் (மவுண்ட் பட்டியல்) 'நோஃபெயில்' (வட்டு வராவிட்டாலும் எழு) இருக்கிறதா பாருங்கள். அன்று ராத்திரி பேக்கப் முழுக்க உள் வட்டின் /பேக்கப் அடைவில் விழுந்தது. பிறகு வெளி வட்டு மேலே வந்து அதை மூடிவிட்டது. டியூ கண்ணில் படாது.

'சூடோ மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி' (மூடாத உள் வட்டு /எம்என்டியில் தெரியும்), பிறகு 'சூடோ டியூ -எக்ஸ்எச் --மேக்ஸ்-டெப்த்=1 /எம்என்டி | சார்ட் -எச்'. புதைந்தது தெரிந்துவிடும். அழிப்பது /எம்என்டி/பேக்கப் உள்ளேதான். /பேக்கப்பில் அழித்தால் நல்ல பேக்கப் போய்விடும். இரண்டு முறை படித்துவிட்டு என்டர் தட்டுங்கள். முடிந்ததும் யூமவுண்ட். ஸ்கிரிப்டின் முதல் கட்டளையாக 'மவுண்ட்பாயிண்ட் -க்யூ /பேக்கப் || எக்ஸிட் 1' சேருங்கள்.

40 ஜிபி காலி, ஆனால் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' என்கிறது. (திருமங்கலம்)

'டிஎஃப் -ஐ' பார்த்தீர்களா? பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டீர்கள். ஐநோடு (கோப்புக்கு ஒன்றாகச் செலவாகும் பதிவு) தீர்ந்துவிட்டது. ஈஎக்ஸ்டி4 வழக்கமாக 16 கேபிக்கு ஓர் ஐநோடு போடும். 100 ஜிபிக்கு ஏறத்தாழ 65 லட்சம். பிஎச்பி செஷன், அனுப்பப்படாத மெயில் என்று பொடிக் கோப்புகள் குவிந்திருக்கும். 'சூடோ டியூ --ஐநோட்ஸ் -எக்ஸ் / | சார்ட் -என் | டெயில்' எங்கே குவிந்திருக்கிறது என்று காட்டும். 'ஆர்எம் *' நீளம் தாங்காமல் முரண்டு பிடிக்கும். 'ஃபைண்ட்' கட்டளையின் '-டெலீட்' பயன்படுத்துங்கள். ஃபார்மட் செய்தபோதே எண்ணிக்கை முடிவானது, வட்டைப் பெரிதாக்காமல் கூட்ட முடியாது.

1 டிபி வட்டு வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (வாடிப்பட்டி)

இல்லை. அவர் கணக்கு 1000, டிஎஃப்பில் சின்ன '-எச்' கணக்கு 1024. பெரிய '-எச்' போட்டால் மனசு ஆறும்.

லேப் கணினியில் டிஎஃப் அடித்தால் அப்படியே உறைகிறது. கண்ட்ரோல்-சியும் பலிக்கவில்லை. (அண்ணா நகர்)

எங்கோ ஓர் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி வட்டு தரும்) சர்வர் செத்திருக்கிறது. 'எஸ்ட்ரேஸ் டிஎஃப்' ஓட்டினால் கடைசியாக எந்த மவுண்டைக் கேட்டு நிற்கிறது என்று தெரியும். அதை 'யூமவுண்ட் -எல்' கொண்டு கழற்றுங்கள். தற்காலிகமாக 'டிஎஃப் -எல்', உள்ளூர் வட்டு மட்டும். கண்காணிப்பு ஸ்கிரிப்டில் எப்போதும் பெரிய '-பி'யும் சேருங்கள். பழைய டிஎஃப் நீளமான எல்விஎம் பெயரை இரண்டு வரியாக உடைத்து, ஆக் கட்டளை எடுக்கும் பத்தியைக் குழப்பிவிடும்.

/டெவ்/லூப் எல்லாம் 100 சதவீதம் காட்டுகிறதே? (வில்லாபுரம்)

ஸ்னாப் மென்பொருள் பொதிகள். படிக்க மட்டுமே, எப்போதும் நிறைந்தே இருக்கும். விடுங்கள்.

ஃப்ரீபிஎஸ்டியில் 104 சதவீதம் என்கிறது. நூறுக்கு மேல் எப்படி? (கோச்சடை)

அங்குள்ள யூஎஃப்எஸ் கோப்பு முறைமை 8 சதவீதம் ஒதுக்கிவிட்டு மீதியை 100 என்று கணக்கு வைக்கும். ரூட் அந்த ஒதுக்கீட்டைத் தின்னத் தொடங்கினால் ஏறத்தாழ 109 வரை ஏறும். ஒதுக்கீட்டைக் குறைக்காதீர்கள், எழுதும் வேகம் படுத்துவிடும். அழித்ததும் எண் இறங்கவில்லை என்று பதற வேண்டாம். சாஃப்ட் அப்டேட்ஸ் (மாற்றங்களைத் தள்ளி எழுதும் முறை) இருந்தால் அரை நிமிடம்வரை ஆகலாம். அதற்குப் பிறகும் இறங்கவில்லை என்றால், விளக்குத்தூண்காரருக்குச் சொன்னதுதான்: யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.