மலேரியாவைத் தடுக்க வீட்டின் அமைப்பை மாற்றுவது என்றால் என்ன?

கொசு நுழையும் வழிகளை அடைத்தோ வலையிட்டோ வீட்டைத் திருத்துவதையே இது குறிக்கிறது: சன்னலுக்குக் கம்பிவலை, இடுக்கின்றி மூடும் கதவு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைத்தல்.

அந்த இடைவெளிக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பெருமளவில் பரப்பும் அனாபிலிஸ் காம்பியே இனக் கொசு, மக்கள் அயர்ந்து தூங்கும் நேரத்தில் வீட்டுக்குள் வந்து கடிப்பது. உறங்குவோரின் மூச்சிலுள்ள கரியமில வாயுவும் உடல் வாடையும், ஓலைக் கூரையில் அடுப்புப் புகை கசிவதைப் போல, அவ்வழியே வெளியேறுகின்றன. அவற்றைத் தொடர்ந்து வரும் கொசு, சுவர் குறுக்கிட்டதும் மேல்நோக்கிப் பறந்து நேரே அந்த இடைவெளியைத்தான் அடைகிறது. காம்பியா நாட்டில் இடைவெளியை அடைத்து, சன்னல்களுக்கும் கதவுகளுக்கும் வலையிட்டுச் செய்த ஆய்வு 2009-இல் வெளியானது. இக்கொசுவின் வரத்து பாதிக்கும் மேல் குறைந்ததுடன், குழந்தைகளிடம் இரத்தசோகையும் குறைந்திருந்தது. பூச்சிக்கொல்லிக்குப் பழகிவிட்ட கொசுவையும் வலை தடுத்து நிறுத்தும் என்பதே இதில் மிகப் பெரிய நன்மை என்பது என் கருத்து.

இது புதிய முறையும் அன்று. 1900-இல் இத்தாலியின் ஓஸ்தியா அருகே, லண்டனிலிருந்து சென்ற மருத்துவர்கள் பொழுது சாயுமுன் வலையிட்ட குடிலுக்குள் திரும்பிவிடுவதை வழக்கமாக்கி, மலேரியாப் பருவம் முழுவதையும் காய்ச்சலின்றிக் கழித்தனர்.

வீட்டை இறுக மூடினாலே போதும் என்று பலர் எண்ணுவது தவறு. காற்றோட்டமற்ற அறையில் புழுக்கம் தாங்காமல் கதவைத் திறந்துவைக்க நேரும் என்பதால், இடைவெளியை அடைக்கும்போதே எதிரெதிர்ச் சுவர்களில் வலையிட்ட சன்னல்களையும் வைக்க வேண்டும்.