கூலியை உயர்த்துவதா, வரிச் சலுகை தருவதா?

குறைந்த வருமானக்காரருக்கு வாழ்வதற்கேற்ற கூலிச் சட்டம் நல்லதா, வரிச் சலுகையா என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் யார் பையிலிருந்து வருகிறது என்பதுதான் வித்தியாசம்: முதலாவதில் முதலாளி, இரண்டாவதில் அரசு. அமெரிக்காவில் 1975 முதல், உழைத்தும் குறைவாகச் சம்பாதிப்பவர் வரிக்கணக்குத் தாக்கல் செய்தால், கட்ட வேண்டிய வரியே இல்லாவிட்டாலும் கையில் பணம் வரும்.

சரி, எங்கள் கம்பத்திலிருந்து விடியுமுன் தூக்குச்சட்டியோடு ஜீப்பில் நெருக்கியடித்து இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போகும் அக்காக்கள் வரிக்கணக்குக்கு எங்கே போவார்கள்? அதனால் என் ஓட்டு கூலிக்கே. கூலி ஏறினால் ஆள் குறைப்பார்கள் என்ற பயம் நியாயம்தான். ஆனால் சலுகை மட்டும் இருந்தால், முதலாளி கூலியை ஏற்றாமலே காலம் தள்ளிவிடுவார். மூணாறில் 2015-இல் தேயிலைத் தோட்டப் பெண்கள் 500 ரூபாய் கேட்டுப் போராடினார்கள். 232 ஆக இருந்த நாள்கூலி 301 ஆனது.