பட்டறைப் பக்கம்: இழுத்தால் ஓடும் மூன்று சக்கரம்

கேள்வி: ஐயா, வீட்டுக்குப் பின்னால் அப்பா ஆள் ஏற்றி ஓட்டிய சைட்கார் சைக்கிள் ரிக்‌ஷா சும்மா நிற்கிறது. ஜிம்மில் படகு வலிப்பது மாதிரி இழுக்கும் மெஷினைப் பார்த்ததிலிருந்து, அப்படி இழுத்தே ஓட்டும் மூன்று சக்கர வண்டி செய்ய வேண்டும் என்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சைட்காரையே மாற்றிவிடலாமா? செயினை எப்படி மாட்டுவது? எத்தனை பல் வைப்பது?
– தொழிற்கல்லூரி மாணவர், தக்கேத்தா, ரங்கூன்

பதில்: அப்பாவின் சைட்காரை அறுக்காதீர்கள் தம்பி. எண்ணெய் போட்டு நிறுத்தி வையுங்கள், பெட்ரோல் கிடைக்காத நாளில் சோறு போடும். சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு சக்கரம், முதுகோடு முதுகாக இரண்டு சீட்டு என்கிற அந்த அமைப்பு, மேலே உட்கார்ந்து மிதிப்பவனுக்காக உண்டானது. இழுத்து ஓட்டுபவன் தாழ உட்கார வேண்டும், காலை நீட்ட வேண்டும். அதன் பெரிய சக்கரமும் உதவாது. சைக்கிள் திருப்பத்தில் சாயும். மூன்று சக்கர வண்டி சாயாது. பக்கவாட்டில் வரும் பாரம் முழுவதும் ரிம்மின் தலையில்தான் விழும். பெரிய சக்கரத்தில் சீக்கிரமே கோட்டம் விழும். பிள்ளைகள் சைக்கிளின் 20 இஞ்ச் சக்கரம், 36 போக்ஸ் கம்பி உள்ளதாகப் பார்த்து மூன்று வாங்குங்கள். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. பின்சக்கரத்தில் ஒன்றை மட்டும் ஓட்டினால் போதும். ஒரே அச்சில் இரண்டையும் ஓட்டப் போனால் திருப்பத்தில் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும்.

சரி, செயினுக்கு வருவோம். ஜிம் மெஷினுக்குள் நடப்பது இதுதான். நீங்கள் பிடியை இழுக்கும்போது செயின் ஒரு பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. விட்டால், ஒரு ரப்பர் கயிறு செயினைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. அந்த நேரம் பல்சக்கரம் சும்மா உருளும். சைக்கிளின் ஃப்ரீவீல் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆகவே வண்டியில், கைப்பிடியில் கட்டிய செயின் முதலில் முன்னால் கால்மாட்டில் உள்ள கப்பிக்குப் போக வேண்டும். அங்கே திரும்பி, சீட்டுக்கு அடியில் ஓடி, பின்சக்கரத்து ஃப்ரீவீலின் மேல்பக்கமாக ஏறி, பின்புறம் சுற்றி, கீழ்ப்பக்கமாக வெளியே வந்து ரப்பர் கயிற்றில் முடிய வேண்டும். கீழ்ப்பக்கமாக ஏற்றினால் நாள் முழுக்க இழுத்தாலும் டிக் டிக் என்று சத்தம்தான் வரும், வண்டி நகராது. ரப்பருக்கு இரண்டு கிலோ இழுவை போதும். கேரியரில் சாமான் கட்டும் கொக்கி ரப்பரே போதுமானது, ஆனால் நீளமாக வேண்டும். செயின் எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவு நீட்டம் அதில் சிரமமில்லாமல் கிடைக்க வேண்டும்.

பல் கணக்கில்தான் முக்கால்வாசிப் பேர் கவிழ்கிறார்கள். சைக்கிள் செயினில் கண்ணிக்குக் கண்ணி அரை இஞ்ச், அதாவது 12.7 மில்லிமீட்டர். 16 பல் ஃப்ரீவீல் ஒரு சுற்று சுற்ற 20 சென்டிமீட்டர் செயின் வேண்டும். காலும் முதுகும் கையும் சேர்ந்து நீங்கள் ஓர் இழுப்புக்கு 120 சென்டிமீட்டர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறு சுற்று. 20 இஞ்ச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் ஒன்றரை மீட்டர். ஆக, ஓர் இழுப்புக்கு ஒன்பது மீட்டர்! காகிதத்தில் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். மெஷினில் 500 மீட்டருக்கு 2 நிமிடம் என்று காட்டினால் நீங்கள் ஏறக்குறைய 200 வாட் தருகிறீர்கள் என்று அர்த்தம். அதைத் தெருவில் ஒரு மணி நேரம் தர உங்களால் ஆகாது. 100 வாட் என்று வைப்போம், அதில் சமதரையில் மணிக்கு 15 கிலோமீட்டர் போகலாம். நேரத்தில் பாதி இழுப்பு, பாதி திரும்பி வருவது. அப்படியானால் அந்த 16 பல்லில் ஒவ்வோர் இழுப்புக்கும் 36 கிலோ இழுக்க வேண்டும், ஓர் இழுப்பு முடிய இரண்டு நொடிக்கு மேல் ஆகும். கிணற்றில் நிறைகுடம் இறைப்பது போலிருக்கும். அதையே 32 பல்லாக்கினால் ஓர் இழுப்புக்கு நாலரை மீட்டர், 18 கிலோ, ஒரு நொடி. முதுகு பிழைக்கும்.

32 பல் ஃப்ரீவீலைக் கடை கடையாகத் தேடிக் கிளம்ப வேண்டாம். அடுத்த பதிலைப் படியுங்கள், 16 பல்லையே வைத்துக்கொள்ளும் வழி அதில் இருக்கிறது.

சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. படகு வலிப்பதில் பாதிக்கு மேல் பலம் காலில்தான். இன்லே ஏரிப் படகுக்காரர்கள் துடுப்பைக் காலில் சுற்றிக்கொண்டு நிற்பது போட்டோவுக்காக இல்லை. அதனால் சீட்டு பேரிங் சக்கரத்தில் 45 சென்டிமீட்டராவது முன்னும் பின்னும் ஓட வேண்டும். இதில் ஒரு தொல்லை உண்டு: 60 கிலோ உடம்பு முன்னும் பின்னும் போனால் வண்டி எதிர்ப்பக்கம் உதறும். 1981இல் மேற்கு ஜெர்மனியின் பீட்டர்-மைக்கேல் கோல்பே, சீட்டை அசையாமல் வைத்துவிட்டுக் கால்பலகையும் துடுப்புத் தாங்கியும் நகரும் படகில் உலகப் பட்டம் அடித்தார். உடம்பு நகராததால் படகு உதறவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் அதற்கே மாற, 1983இல் போட்டிகளில் அதைத் தடை செய்துவிட்டார்கள். தெருவில் தடை கிடையாது. ஆனாலும் முதல் வண்டிக்கு ஓடும் சீட்டு போதும், கோல்பே வித்தையை இரண்டாவது வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கைலி கட்டிக்கொண்டு இதில் ஏறவே கூடாது. சீட்டுச் சக்கரம் முதலில் கைலியைத்தான் பிடிக்கும்.

கேள்வி: ஐயா, நான் இன்யா ஏரியில் படகு வலிப்பவர்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன். இரண்டு கையும் இழுத்துக்கொண்டிருந்தால் வண்டியைத் திருப்புவது எப்படி? காலால் திருப்பலாம் என்று நண்பர் சொல்கிறார்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கமாயுட்

பதில்: நண்பர் சொல்வது வண்டி சும்மா உருளும்போது சரி. இழுக்கும்போது அதே காலால்தானே பலமாக உதைக்கிறோம்? வலது கால் கொஞ்சம் கூடுதலாக உதைத்தால் வண்டி சாக்கடைப் பக்கம் போகும். கால் வேலையைக் காலுக்கும் கை வேலையைக் கைக்கும் விடுவதே நல்லது.

நான் செய்யச் சொல்வது, கைப்பிடியைச் செயின் நுனியில் தொங்க விடாமல் ஒரு கம்பத்தின் தலையில் வைப்பது. இரண்டு கால்பலகைக்கும் நடுவே, தரையை ஒட்டி ஒரு மூட்டு. அதிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரக் கம்பம் முன்னும் பின்னும் ஆடும். தலையில் சாதாரண சைக்கிள் ஹாண்டில்பார், அதிலேயே பிரேக். ஹாண்டில்பாரைத் திருப்பினால் இரண்டு கேபிள் முன் ஃபோர்க்கை இடமும் வலமும் இழுக்கும். கேபிளை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்பதில்தான் சூட்சுமம். அது கம்பத்தின் அடிமூட்டு அச்சை ஒட்டியே கீழே இறங்க வேண்டும். நாலு விரல் தள்ளிப் போனாலும், கம்பம் ஆடும் ஒவ்வொரு தடவையும் கேபிள் நீண்டு சுருங்கி, நீங்கள் கேட்காமலே முன்சக்கரம் இடமும் வலமும் ஆடும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, கம்பத்தை முழுக்க முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். முன்சக்கரம் அசையாமல் நின்றால் தேர்ச்சி.

இந்தக் கம்பம்தான் தக்கேத்தா தம்பிக்குச் சொன்ன வழியும். செயினைக் கம்பத்தின் தலையில் கட்டாமல் பாதி உயரத்தில் கட்டுங்கள். கை 120 சென்டிமீட்டர் நகர்ந்தால் செயின் 60 சென்டிமீட்டர்தான் ஓடும், இழுவை இரட்டிப்பாகும். அதாவது 16 பல் ஃப்ரீவீல், கைக்கு 32 பல்லாகத் தெரியும். தெருமுனைக் கடைச் சரக்கே போதும். ஓட்டம் குறைவதால் ரப்பர் கயிறும் பாதி நீளத்தில் அடங்கிவிடும். பல் மேல் ஏறி இறங்கும் பகுதிக்கு மட்டும் செயின், மீதிக்கு இரும்புக் கம்பிக் கயிறு. கட்டும் இடத்தில் மேலும் கீழும் சில துளை போட்டு வைத்தால் அதுவே கியர்: பாலம் ஏறும் நாளில் கீழ்த்துளை, சமதரையில் மேல்துளை.

ஒன்று கவனிக்க வேண்டும், இப்போது செயினில் 36 கிலோ, அவசரத்தில் உதைத்தால் அதைப்போல மூன்று மடங்கு. செயின் தாங்கிவிடும். முன்கப்பியில் இரண்டு பக்கமும் செயின் இழுப்பதால் அதன் போல்ட்டுக்கு இரட்டைப் பாரம். வெறும் தகட்டில் ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்துத் தொங்க விட்டால் வளைந்துவிடும். இரண்டு பக்கமும் தகடு வைத்து நடுவில் கப்பியைப் பிடியுங்கள். இன்செயின் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்த காலத்திலிருந்து ஒரு பக்கத் தாங்கலைக் கண்டாலே எனக்கு ஆகாது.

இந்த வகை வண்டிகள் வெளிநாட்டில் விற்பனைக்கே வந்தவைதான். ரோலர்பிளேடு சக்கரச் செருப்பைப் பிரபலமாக்கிய அமெரிக்கர் ஸ்காட் ஓல்சன் ரோபைக் என்று ஒன்று கொண்டுவந்தார். ஹாலந்தில் டெர்க் தைஸ், பல்சக்கரத்துக்குப் பதில் சங்கு மாதிரிச் சுருளும் கூம்பில் கேபிளைச் சுற்றி, இழுப்பின் தொடக்கமும் முடிவும் வெவ்வேறு கியராக அமையும்படி செய்தார். அழகான வேலை. லேத் இல்லாத பட்டறையில் அதற்கு ஆசைப்படாதீர்கள்.

கேள்வி: அண்ணா, என் தம்பிக்கு இரண்டு காலும் முட்டிக்குக் கீழே இல்லை. கை நல்ல பலம். இந்த மாதிரி இழுக்கும் வண்டி அவனுக்குச் சரிவருமா? வீட்டிலிருந்து கடைத்தெரு வரை அவனாகப் போய்வந்தால் போதும்.
– வாசகி, மோல்மீன்

பதில்: வரும் தங்கச்சி, ஆனால் இழுக்கும் வண்டியாக வேண்டாம். தள்ளும் வண்டியாகச் செய்யுங்கள். காரணம் இருக்கிறது. கால் உள்ளவன் இழுக்கும்போது கால்பலகையை உதைத்துத் தன் உடம்பை நிறுத்திக்கொள்கிறான். தம்பிக்கு அந்த உதைப்பு இல்லை; பலமாக இழுத்தால் உடம்புதான் முன்னால் வரும், வண்டி போகாது. இடுப்பில் பெல்ட் போட்டாலும் முழுப் பலம் கிடைக்காது. தள்ளும்போது முதுகுக்குப் பின்னால் சாய்மானம் இருக்கிறது, முழுப் பலமும் வண்டிக்குப் போகும். ரங்கூன் ஆற்றைக் கடந்து டாலாவுக்கு சம்பான் தள்ளும் படகுக்காரரைப் பார்த்திருப்பீர்கள், முன்னால் பார்த்து நின்றுகொண்டு துடுப்பைத் தள்ளித்தான் போகிறார்.

இடது கைக்கு ஒரு கம்பம், வலது கைக்கு ஒரு கம்பம். ஒவ்வொன்றிலும் தனி செயின், தனி ஃப்ரீவீல், தனிப் பின்சக்கரம். ஒரு கை தள்ளும்போது மறு கை திரும்பி வரும், அதனால் வண்டி நடுவில் தொய்யாது. இரண்டும் தனித்தனி என்பதால் வலதை மட்டும் தள்ளினால் இடது பக்கம் திரும்பவும் உதவும். முன்சக்கரத்தைத் திருப்ப வலது கம்பத்தின் தலையில் ஒரு முறுக்குப் பிடி போதும். சாய்மானம் தோள்பட்டைக்குக் கீழ் வரை உயரட்டும், மெத்தை கெட்டியாக இருக்கட்டும். பெல்ட்டும் கட்டாயம், பிரேக் பிடிக்கும்போது அவனைக் காப்பாற்றுவது அதுதான்.

கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொன்று, பின்னால் போவது. ஃப்ரீவீல் வைத்து இழுக்கும், தள்ளும் எல்லா வண்டிக்கும் இந்தச் சிக்கல் உண்டு, தக்கேத்தா தம்பியும் கேட்டுக்கொள்ளட்டும். வண்டியைப் பின்னுக்கு உருட்டினால் ஃப்ரீவீல் பிடித்துக்கொண்டு செயினையும் சேர்த்து இழுக்கும். கம்பம் கடைசி வரை போய் முட்டியதும் வண்டி பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிடும். ரங்கூன் சந்துகளில் எதிரே ஒரு கைவண்டி வந்தால் போதும், மாட்டிக்கொள்வீர்கள். கால் உள்ளவன் இறங்கித் தூக்கித் திருப்பிக்கொள்வான். உங்கள் தம்பிக்கு அது முடியாது. ஆகவே செயினைக் கம்பத்தில் போல்ட் போட்டு முறுக்காதீர்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்டும்படி ஒரு ஊசிக்கொக்கி வைத்து மாட்டுங்கள். கொக்கியைக் கழற்றிச் செயினைப் பல்லிலிருந்து எடுத்துவிட்டால் சக்கரம் இரண்டு பக்கமும் தாராளமாக உருளும். கையால் டயரைப் பிடித்துப் பின்னால் தள்ளிக்கொள்ளலாம். கழற்றிய செயினை ரப்பர் உள்ளே இழுத்துக்கொள்ளாமல் இருக்க, அதன் நுனியை மாட்ட ஒரு வளையமும் வேண்டும். வெல்டிங்காரர் இதெல்லாம் எதற்கு என்பார். கொக்கி இல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

கேள்வி: ஐயா, சைக்கா (சைட்கார்) மிதித்து முட்டி தேய்ந்துவிட்டது. ஆள் ஏற்றி ஓட்ட இந்த இழுப்பு வண்டி லேசாக இருக்குமா?
– சைட்கார் ஓட்டுநர், தகோன்

பதில்: இருக்காது அண்ணே. மிதிக்கும்போது ஒரு கால் இறங்க மறு கால் ஏறும், பலம் விட்டுப்போவதில்லை. இழுக்கும் வண்டியில் திரும்பி வரும் ஒரு நொடிக்கு யாரும் தள்ளுவதில்லை. சமதரையில் தெரியாது. 100 அடிக்கு 4 அடி ஏறும் பாலத்தில் மணிக்கு 5 கிலோமீட்டரில் போனால், அந்த ஒரு நொடியில் வேகம் மூன்றரைக்கு விழும். அடுத்த இழுப்பில் அதை மீட்க வேண்டும், மறுபடி விழும். இரண்டு ஆளை ஏற்றிக்கொண்டு இந்தக் கூத்து வேண்டாம். முட்டிக்குச் சீட்டை உயர்த்துங்கள்: மிதி கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டும். சைக்கா ஓட்டுகிறவர்களில் பலர் தாழ்ந்த சீட்டில் முட்டியை மடக்கி மடக்கியே மிதிக்கிறார்கள். அப்புறம் பின்னால் 22 பல் ஃப்ரீவீல் போட்டுப் பாருங்கள், பாலத்தில் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: மழைக்காலத்தில் இந்த வண்டி என்ன ஆகும்?
– வாசகர், சிரியம்

பதில்: சீட்டு ஓடும் தண்டவாளத்தில் சேறு ஏறும். தண்டவாளத்தை வாய் மேல்நோக்கிய பள்ளமாக வைக்காமல் கவிழ்த்து வையுங்கள், இல்லையென்றால் கீழே துளை போடுங்கள், சக்கரத்துக்கு மட்கார்டு வையுங்கள். செயினுக்கு கிரீஸ் வேண்டாம், மண்ணைப் பிடித்து அரைக்கும். தையல் மிஷின் எண்ணெயை விட்டுத் துணியால் துடையுங்கள். ரப்பர் கயிறு வெயிலில்தான் சாகும், மழையில் இல்லை. நிறுத்தும்போது கொக்கியைக் கழற்றி அதைத் தளர்த்தி விடுங்கள்.